ஒரேயடியாகக் கழிப்பதா, பெட்டியில் போட்டுத் தவணை வைப்பதா?

சேர்ந்துபோன பொருட்களைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிய ஜப்பானியப் பெண் மேரி கொண்டோ சொல்வது: அறை அறையாக இல்லாமல் வகை வகையாக எடுப்பது. முதலில் உடுப்பு, பிறகு புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான். நினைவுப் பொருட்கள் கடைசியில். மற்றது, மனம் வராதவற்றைப் பெட்டியில் போட்டுத் திகதி எழுதி, ஆறு மாதம் தேடாவிட்டால் கொடுத்துவிடுவது.

தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் எல்லா உடுப்பையும் குவித்தால் படுக்க இடமிருக்காது. ஆனாலும் உடுப்புக்கு முதல் வழிதான் நல்லது. நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் பெட்டிக்குள் துணி பூஞ்சணம் பிடிக்கும். பிறகு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

அம்மாச்சியின் கொழுந்துக் கூடை, தாத்தா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி என்றால் பெட்டிதான். கத்திக்கு எண்ணெய் தடவி வையுங்கள். துக்கம் ஆறாத வீட்டில் தவணையை நீட்டினாலும் தப்பில்லை, யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

கடதாசி விஷயத்தில் நான் இரண்டையும் ஏற்கமாட்டேன். கொண்டோ பெரும்பாலானதைக் கழிக்கச் சொல்கிறார். மலையகத் தமிழரான நமக்கு அது ஆபத்து. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதைத் திரும்பத் தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த குடும்பங்கள் நம்மில் பல. பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் கடதாசி எதையும் வீசாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.