காலை நடையா, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடையா?

எங்கள் தெருவில் நடக்கிறவர்கள் இரண்டு கட்சி. ஐந்தரை மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவை ஆறு சுற்று சுற்றுகிறவர்கள் ஒரு கட்சி. இரவு சாப்பிட்டுவிட்டு லுங்கியோடும் நைட்டியோடும் தெருமுனை வரை போய் வருகிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சி இரண்டாவதை நடையாகவே மதிப்பதில்லை. நானும் பல வருடம் முதல் கட்சிதான். ஃபாஸ்டிங் சர்க்கரை ஒழுங்காக இருக்க, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது மட்டும் எகிறியபோதுதான் எதிர்க்கட்சியின் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

சாப்பிட ஆரம்பித்து ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்துகொண்டிருந்தால், இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலை நடைக்கும் பலன் உண்டு. இன்சுலினுக்கு உடல் நன்றாக ஒத்துழைக்கும், அதுவும் பல மணி நேரம் நீடிக்கும். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு உள்ளே போகும் நாலு தோசையின் உச்சத்தைப் பிடிக்க, அந்த நேரத்து நடைக்குத்தான் வலு அதிகம்.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 60 வயதைக் கடந்த, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 10 பேரை ஒரு நாள் காலையில் 45 நிமிடம் ஒரே மூச்சாக நடக்கவைத்தார்கள். இன்னொரு நாள் மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம். நாள் முழுதுக்குமான சர்க்கரையை இரண்டுமே குறைத்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையில்தான் சின்ன நடை முந்தியது. பத்தே பேர்தானே என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. 2016இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் சோதித்தது. தினம் 30 நிமிடம் இஷ்டப்பட்ட நேரத்தில் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். மாவுச்சத்து அதிகம் சாப்பிடுவதும், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிடுவதும் ராத்திரியில்தான் என்கிறது அந்த ஆய்வு. இட்லி, தோசை, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு குருமாவோடு சப்பாத்தி, அப்புறம் சீரியல். நம் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

உண்ட பின் குறுநடை என்பது சித்த மருத்துவத்தில் பழைய அறிவுரைதான். உண்ட களைப்பைச் சாக்காக வைத்து நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

அதற்காகக் காலைக் கட்சி தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியது கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும் நடை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அந்த வேகத்தைத்தான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அந்த வேகத்தில் போனால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். கூட நடக்க நாலு பேர் கிடைப்பதும் காலையில்தான். அந்த நாலு பேர் டீக்கடையில் நின்றுவிடுவதும் உண்டு. நடந்து கரைத்ததில் பெரும்பகுதி ஒரு மெதுவடையிலும் சர்க்கரை போட்ட டீயிலும் திரும்பி வந்துவிடும்.

தசை வலு இரண்டு கட்சியிலுமே கிடைக்காது. அதற்கு வாரம் இரண்டு நாளாவது தனியாக ஏதாவது செய்ய வேண்டும். தோப்புக்கரணம் போதும், ஜிம் வேண்டாம்.

சர்க்கரைதான் கவலை, ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இரவு நடையையே சொல்வேன். ரத்த அழுத்தம், தொப்பை என்றால் காலை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வெகுதூரம் போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். தாழ்சர்க்கரை வழியில் வந்தால் ஆபத்து. இதய நோயாளிகள் சாப்பிட்ட உடனே வேகமாக நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இரவில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

இப்போது வாரம் மூன்று நாள் காலையில் 50 நிமிடம் வேகமாக நடக்கிறேன். 150 கணக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. இரவில் தினமும் கால் மணி நேரம், மெதுவாக. தெருநாய்கள் தொல்லை கொடுக்கும் நாளில் மொட்டை மாடி, ஐப்பசி மழையில் வீட்டுக்கூடம்.