வயதான குதிரைக்கு பெசோவா லஞ்ஜிங் செட்: வாங்கலாமா?

பந்தயத்தை விட்டு வந்து சவாரிப் பள்ளியில் வேலை செய்யும் தரோபிரெட் இனக் குதிரை, 15 வயதைத் தாண்டியதும் எப்படி ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதுகு தொய்ந்திருக்கும், கழுத்தின் அடிப்பக்கம் சதை தடித்திருக்கும், ட்ராட்டில் (நடைக்கு அடுத்த மிதமான ஓட்டம்) பின்கால் மண்ணை உரசிக்கொண்டு வரும். வளைவில் உடம்பு உள்பக்கம் சாயும். சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 58 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். முதுகும் வயிறும் தளர்ந்தால் அந்தப் பாரம் இன்னும் முன்னால் போகும். இதைச் சரிசெய்ய என்று பலரும் வாங்குவது, பிரேசில் ஜம்பிங் வீரர் நெல்சன் பெசோவாவின் பெயரில் வழங்கும் இந்தச் செட். லஞ்ஜிங் என்றால் குதிரையை நீளக் கயிற்றில் பிடித்து நம்மைச் சுற்றி வட்டமாக ஓட்டுவது, அப்போது மாட்டுவது இது.

இருப்பது உடம்பைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டையான ரோலர், இரண்டு பக்கமும் கப்பியோடு ஓடும் கயிறு, பின்தொடையைச் சுற்றி வரும் ஆட்டுத்தோல் சுற்றிய பட்டை, அந்தப் பட்டை கீழே இறங்காமல் முதுகின் மேல் பிடிக்கும் எலாஸ்டிக். கயிறு ரோலரிலிருந்து கிளம்பி, வாயில் மாட்டும் பிட்டின் வளையத்துக்குள் போய், திரும்பி வந்து கப்பி வழியாகப் பின்பட்டையோடு சேரும். ரோலரிலிருந்து பிட்டுக்கு நேராகப் போய்த் தலையை மட்டும் பிடித்து வைக்கும் சைட் ரெயின் என்ற வாரிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். பின்கால் ஒவ்வொரு முறை பின்னால் தள்ளும்போதும் பட்டை இழுபடும், அந்த இழுப்பு வாய்க்குப் போகும். குதிரை தலையைத் தாழ்த்தி முதுகைத் தூக்கினால் கயிறு தளர்ந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கயிற்றை ஒரு சாண் கூடுதலாக இறுக்கினால், குதிரை முன்னேறும் ஒவ்வொரு அடிக்கும் தன் வாயிலேயே தண்டனை வாங்கும். செட்டைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சாணில்தான் ஆரம்பிக்கின்றன.

பொருத்தும்போது பின்பட்டை வாலடிக்கும் பின்முட்டிக்கும் (பின்காலின் நடுவில் மடங்கும் ஹாக் மூட்டு) நடுவில், தொடைச் சதையில் உட்கார வேண்டும். மேலே ஏறினால் வாலுக்கு அடியில் போய்ச் சிக்கும், குதிரை உதைக்கும். முதல் இரண்டு மூன்று தடவை பட்டையை மட்டும் கட்டி, பிட்டில் எதையும் மாட்டாமல் நடத்திவிடுங்கள். பிறகு கயிற்றை முன்னங்கால்களுக்கு நடுவே போகும் தாழ்ந்த நிலையில் மாட்டலாம். நேராக நிற்கும்போது கயிறு லேசாகத் தொங்க வேண்டும். மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தாடை நெஞ்சை நோக்கி மடங்கினால் உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். பக்கவாட்டு உயர் நிலைகள் வயதான குதிரைக்குத் தேவையே இல்லை.

செட் இல்லாமல் 10 முதல் 15 நிமிடம் நடை கொடுத்த பிறகே மாட்டுங்கள். கையில் பிடிக்கும் லஞ்ஜிங் கயிறு 8 மீட்டர் என்றால் ஒரே இடத்தில் நின்று ஓட்டும்போது கிடைப்பது 16 மீட்டர் வட்டம்தான். பழைய மூட்டுகளுக்கு அது சிறியது, நீங்களும் சின்ன வட்டமாக நடந்து அதை 20 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு 5 நிமிடம் போதும், இடையில் அடிக்கடி திசை மாற்றவும். பழகிய பிறகும் மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேலும் வேண்டாம். செட்டோடு கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) வேண்டவே வேண்டாம்.

சரியாகப் போகிறதா என்று பார்க்கத் தலையைப் பார்க்காதீர்கள், மணலைப் பாருங்கள். வாரிச் சமன்செய்த மணலில் நடத்தினால், பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் விழுகிறதா, தாண்டி விழுகிறதா, எட்டாமல் நிற்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். செட் மாட்டாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை பாருங்கள். மாட்டியபின் பின்தடம் பின்வாங்கினால் கழுத்து எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பின்முட்டிகளைக் காட்டிவிடுங்கள். காலையில் விறைத்துக் கிளம்பி, பத்து நிமிடத்தில் இளகும் குதிரைக்கு அங்கே மூட்டுத் தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட மூட்டை வட்டத்தில் சுற்றச் சுற்ற நோவுதான் கூடும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பு முழுக்க வாய்க்குப் போகும் சாதனம் இது, கிழக் குதிரையின் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்திருந்தால் தலையை ஆட்டத்தான் செய்யும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் இறுக்குபவர்கள் உண்டு!

எங்கள் கருத்தில் சமநிலைக்கு முதல் செலவு இந்தச் செட் இல்லை, தரையில் போடும் கட்டைகள்தான். 3 மீட்டர் நீளச் சவுக்குக் கட்டை ஐந்தாறு போதும். நடைக்கு 80 முதல் 90 செ.மீ. இடைவெளி, ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். குட்டையான குதிரைக்கு குறைந்த அளவில் தொடங்குங்கள். உருண்டைக் கட்டையை மிதித்தால் அது உருண்டு கணுக்காலைத் திருப்பிவிடும், அதனால் இரு முனையிலும் மணல் மூட்டை வைத்து அசையாமல் நிறுத்துங்கள். காலைத் தூக்கி வைக்க வேண்டியிருப்பதால் குதிரை தானாகவே வயிற்றையும் முதுகையும் பயன்படுத்தும், வாயைத் தொட வேண்டியதே இல்லை. இதோடு லாயத்திலேயே கேரட்டைக் காட்டி விலாப்பக்கம், முழங்கால்களுக்கு நடுவே என்று கழுத்தைத் திருப்ப வைக்கும் பயிற்சியும் செய்யலாம். மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளில் முதுகெலும்பை ஒட்டிய தசை தடித்ததை ஆய்வில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இவை இரண்டும் பழகிய குதிரைக்கு, லஞ்ஜிங் கயிற்றைக் கைப்பழக்கமுள்ளவர் பிடித்தால், பெசோவா செட் மூன்றாவதாகச் சேரலாம்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை மலிவான நகல்களில் முதலில் போவது கப்பிதான். மணல் புகுந்து இறுகினால் கயிறு சீராக ஓடாமல் வெட்டி வெட்டி இழுக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் துடைத்துச் சுழற்றிப் பாருங்கள். எலாஸ்டிக் தொய்ந்ததும் மாற்றிவிடுங்கள். கடலோர ஊர்களில் தோல் ரோலர் பூஞ்சை பிடிக்கும், நைலான் போதும். ஆட்டுத்தோல் உறை வியர்வையில் ஊறி நாறும், கழற்றித் துவைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவும் முக்கியம்: ஃபுல் அளவு தரோபிரெடுக்குச் சரி. மார்வாரி போன்ற ஒடுங்கிய உடம்புக்கு ஒரு படி சிறிய காப் அளவு கேளுங்கள். பெரியதை வாங்கி முடிச்சுப் போட்டுச் சுருக்கினால் முடிச்சு கப்பியில் சிக்கும்.