தராசா, அளவுப் பலகையா, கைநாடாவா? குழந்தையின் ஊட்டக்குறைவை எதைக் கொண்டு அளப்பது

இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சரியாக 2 வயது, இருவரும் 8.8 கிலோ. ஒருத்தியின் நீளம் 78 செ.மீ., மற்றவள் 86. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி இந்த வயதில் 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'எடைக் குறைவு'. ஆக, தராசுக்கு இருவரும் ஒன்றுதான். நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியில்லை. முதலாமவள் 80 செ.மீ. என்ற எல்லையை எட்டாதவள், அதாவது வளர்ச்சி குன்றியவள். ஆனால் அந்த நீளத்துக்கு அவள் எடை மோசமில்லை. இரண்டாமவள் வளர்த்தியில் குறைவில்லை, உடம்பில்தான் சதை இல்லை. அவள் மெலிந்தவள், உடனே கவனிக்கப்பட வேண்டியவள்.

வயதுக்கேற்ற எடையை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக ஆட்சி செய்தது அதுதான். 1956இல் மெக்சிகோ மருத்துவர் கோமஸ், எடை எதிர்பார்த்த அளவில் 90, 75, 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதைப் பொறுத்துக் குழந்தைகளைத் தரம் பிரித்தார். இந்திய அங்கன்வாடிகளிலும் சதவீதக் கணக்குதான் நெடுநாள் ஓடியது. உலக சுகாதார நிறுவன அட்டவணைக்கு மாறியது 2008இல். ஐ.நா.வின் புத்தாயிரம் இலக்குகளும் எடைக் குறைவையே அளவுகோலாக வைத்தன. 2015க்குப் பின் வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகள்தான் அதை விட்டுவிட்டு, வளர்ச்சிக் குன்றலையும் மெலிவையும் தனித்தனியே கேட்கின்றன.

அதற்காகத் தராசைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொல்லவில்லை. ஒரு தடவை எடுத்த எடையைவிட, மாதாமாதம் எடுத்த எடை கோடாக ஏறுகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்பது பெரிய செய்தி. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாமல் நின்றவர்களையும் பார்த்துத் துணை உணவு கொடுத்தார்கள். எடை இன்னும் 'சரி' என்ற பகுதியில் இருக்கும்போதே கோடு சாய்வதைப் பிடித்துவிடலாம். வேறெந்தக் கருவிக்கும் இவ்வளவு மலிவாக இந்த வேலை வராது.

உயரம் அளப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 2 வயதுக்குள் இருந்தால் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அமுக்கிக்கொண்டு பாதப் பலகையைத் தள்ள வேண்டும். பிள்ளை அதற்குள் வில்லாக வளைந்து வீறிடும். நிற்கவைத்து அளந்தால் கிட்டத்தட்ட 0.7 செ.மீ. குறையும். சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று அளக்கும் படியான 'திட்ட விலக்கம்' 2 வயதில் சுமார் 3.2 செ.மீ.தான், 1 செ.மீ. பிசகினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பிறந்த தேதி தெரியாமல் 'ஒன்றரை வயசு இருக்கும்' என்று குத்துமதிப்பாக எழுதினால் மொத்தக் கணக்கும் தப்பு.

பலகையே இல்லாவிட்டால்? 1992-93இல் நடந்த முதல் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் உயரத்தை அளக்கவே இல்லை. அளவுப் பலகை கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அதனால் வளர்ச்சிக் குன்றலில் தமிழ்நாட்டின் பழைய நிலவரத்தைத் தேடினால் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காது. 2019-21 கணக்கெடுப்பின்படி 5 வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் இந்தியாவில் 35.5, தமிழ்நாட்டில் 25 சதவீதம். ஒரு சமூகம் பல ஆண்டுகளாகத் தன் தாய்மாரையும் பிள்ளைகளையும் எப்படி வைத்திருந்தது என்று அறிய இதைவிட நல்ல எண் இல்லை. ஆனால் நாளைக் காலை இந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்று கேட்டால் அது அதிகம் உதவாது.

அந்தக் கேள்விக்குத்தான் மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா. 1960களின் இறுதியில் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவில் போர்ப் பட்டினி தலைவிரித்தாடியபோது, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிவாரணக் குழு உயரம் பார்க்க ஒரு குச்சியும் கைச்சுற்றளவும் மட்டும் வைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாகக் குழந்தைகளைச் சலித்தெடுத்தது. பின்னர் வங்கதேசத்தின் மத்லபில் நடந்த ஆய்வுகள், யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்வதில் இந்த எளிய அளவு எடை-உயரக் கணக்கையே முந்துவதைக் காட்டின. இடது கையைத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல் சுற்ற வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை ஒரே எல்லை: 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. துல்லியமான வயதும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். நைஜரில் தாய்மார்களிடமே நாடாவைக் கொடுத்தபோது அவர்கள் சுகாதாரப் பணியாளர்களுக்கு இணையாக அளந்தார்கள்.

அப்படியானால் நாடாவே போதுமே என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடா பிடிக்கும் குழந்தைகளும் உயரத்துக்கேற்ற எடை பிடிக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். நாடா வயதில் சிறியவர்கள் பக்கம் சாயும். மற்றது தெற்கு சூடான் மேய்ச்சல் சமூகங்களைப் போல் கால் நீண்ட பிள்ளைகளை அதிகம் பிடிக்கும். 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் உயரத்துக்கேற்ற எடைப்படி மெலிந்தவர்கள் 19.3 சதவீதம். நாடாவை மட்டும் வைத்தால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். அறிக்கையில் எண் இறங்கினால் சந்தோஷப்படுகிற அலுவலகங்களுக்கு அது வசதி, நாடாவில் பச்சை காட்டிய மெலிந்த பிள்ளைக்கு அல்ல. கிராமத்தில் நாடாவால் சலிக்கலாம், ஆனால் மாதாந்திர எடை சந்தேகம் தருகிற பிள்ளைக்கு உயரமும் பார்த்தே தீர வேண்டும்.

இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. குழி விழுந்து நின்றால் நீர்க்கட்டு. தராசு காட்டும் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்தக் குழந்தை மற்ற எல்லா அளவிலும் தேறினாலும் தீவிர ஊட்டக்குறைவுதான்.

மிச்சமிருப்பது 6 மாதத்துக்குட்பட்ட சிசுக்கள். இங்கேதான் வரிசை தலைகீழாகிறது. அவர்களைப் பலகையில் நீட்டி அளப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். போதாக்குறைக்கு, நீளத்துக்கேற்ற எடை அட்டவணை தொடங்குவதே 45 செ.மீ.யில்; அதற்கும் குட்டையாகப் பிறந்த சிசுவுக்கு அதில் இடமே கிடையாது. 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டல், 6 வாரத்திலிருந்து 6 மாதம் வரை கைச்சுற்றளவு 11 செ.மீ.க்குக் கீழே போனால் கவனிக்கச் சொல்கிறது. கூடவே வயதுக்கேற்ற எடையையும் அடையாளமாகச் சேர்த்திருக்கிறது. பெரிய பிள்ளைகளிடம் இரண்டு குறைகளைக் குழப்பிவிடும் அதே அளவு, இந்த வயதில் ஆபத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.