துலிப் தோட்டமா, செர்ரிப் பூங்காவா, தாவரவியல் பூங்காவா? குடும்பத்தோடு இளவேனில் பூக்களைப் பார்க்கச் செல்வோருக்கான ஓர் ஒப்பீடு

குளிர்காலம் முடிந்து செடிகொடிகள் பூக்கத் தொடங்கும் வாரங்களில் குடும்பத்தோடு பொதுத் தோட்டம் ஒன்றுக்குச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. துலிப், டாஃபடில், ஹயசிந்த் போன்ற கிழங்குப் பூக்களைப் பாத்தி பாத்தியாக நிரப்பி வைக்கும் காட்சித் தோட்டம் ஒன்று. செர்ரி மரங்கள் வரிசையாகப் பூத்து நிற்கும் நகரப் பூங்கா மற்றொன்று. ஆயிரக்கணக்கான இனங்களை ஆண்டு முழுவதும் வளர்த்துவரும் தாவரவியல் பூங்கா மூன்றாவது. ஒளிப்படங்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் முதல் இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது நிற்கவே முடியாது. ஆனால் மூன்று வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து கிளம்பும் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. போகவேண்டிய நாளைக் குடும்பம் குறிக்கிறதா, பூ குறிக்கிறதா என்பதுதான் இங்கே முதன்மையான கேள்வி. மற்றவை அனைத்தும் அதற்குப் பிறகே வருகின்றன.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது செர்ரி விஷயத்தில்தான். ஜப்பானியப் பூங்காக்களில் பெருமளவில் நடப்பட்டிருக்கும் சோமேய் யோஷினோ என்னும் வகை விதையிலிருந்து வளர்க்கப்படுவதில்லை, ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகிறது. ஆகவே அந்த மரங்கள் எல்லாம் மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள். ஒரே வெப்பநிலையில் நிற்கும் அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் மொட்டவிழ்த்து, முழுமையாக மலர்ந்தபின் ஒரு வாரத்துக்குள் ஒன்றாகவே உதிர்ந்துவிடுகின்றன. இடையில் ஒரு பலத்த மழையோ காற்றோ வந்தால் அந்த ஒரு வாரமும் இல்லை. இலை தலைகாட்டும் முன்பே பூங்கா முழுவதும் பூவாக நிற்பதற்கு இந்த ஒற்றுமையே காரணம். தாமதமாகப் போனவருக்குப் பின்தங்கிப் பூத்த ஒரு மரம்கூட மிஞ்சாததற்கும் அதுவே காரணம்.

இதனால்தான் ஜப்பானில் செர்ரி பூப்பது வானிலைச் செய்தியாகவே ஆகிவிட்டது. அந்நாட்டின் வானிலை ஆய்வு நிறுவனம், தான் கண்காணிக்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் பூக்கத் தொடங்கிவிட்டதாகவும், 80 சதவீத மொட்டுகள் விரிந்ததும் முழுமலர்ச்சி என்றும் அறிவிக்கிறது. இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே சுமார் ஒரு வார இடைவெளி இருப்பது அருகில் வசிப்பவர்களுக்குப் போதும். விமானச் சீட்டும் பள்ளி விடுமுறையும் பார்த்துக் கிளம்பவேண்டிய குடும்பத்துக்கு அது போதாது. 1912-இல் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 3,020 மரங்களால் புகழ்பெற்ற வாஷிங்டன் நகரின் நிலவரமும் இதுவே. அங்குள்ள யோஷினோ மரங்களின் பூக்களில் 70 சதவீதம் விரியும் நாளை உச்சநாளாகக் கொள்கிறார்கள். வழக்கமாக அது மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் முதல் வாரத்துக்கும் இடையே அமைந்தாலும், 1990-இல் மார்ச் 15 அன்றே வந்துவிட்டது. 1958-இல் ஏப்ரல் 18 வரை வரவில்லை. பத்து நாட்களுக்கு முன்னதாக அந்த நாளைக் கணிப்பது அநேகமாக இயலாது என்று அங்குள்ள பூங்காத் துறையே சொல்கிறது. வெயில் முந்திக்கொள்ளும் ஆண்டுகளும் கூடிவருகின்றன. 2021-இல் கியோட்டோவில் செர்ரி முழுமையாகப் பூத்த மார்ச் 26, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளிலேயே மிக முந்தைய நாட்களுள் ஒன்று.

தொலைவிலிருந்து வந்தும் செர்ரிதான் பார்க்கவேண்டும் என்பவர்கள், பல வகை மரங்களைக் கலந்து நட்டிருக்கும் இடத்தைத் தேடுவது நல்லது. டோக்கியோவின் ஷின்ஜுகு க்யோயென் அப்படிப்பட்டது. முந்திப் பூப்பவையும் பிந்திப் பூக்கும் அடுக்கிதழ் வகைகளும் அங்கே இருப்பதால், யோஷினோ உதிர்ந்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் பூ இருக்கும்.

துலிப் தோட்டத்தில் நாளின் மீது மனிதக் கை ஓங்கியிருக்கிறது. துலிப் கிழங்கு ஒழுங்காகப் பூக்க ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடக்கவேண்டும். அதனால் இலையுதிர்காலத்திலேயே நட்டுவிடுகிறார்கள். எந்த வகையை எங்கே, எவ்வளவு ஆழத்தில் நடுவது என்ற முடிவு முழுக்கத் தோட்டக்காரருடையது. நெதர்லாந்தின் லிஸ்ஸே நகரில், 1950 முதல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டுவரும் கொய்க்கன்ஹோஃப் தோட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 32 ஹெக்டேர் பரப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகள் நடப்படுகின்றன. பிந்திப் பூப்பவற்றை ஆழத்திலும் முந்திப் பூப்பவற்றை மேலேயும் அடுக்கி நடுவதால், குரோக்கஸ் வாடும் இடத்திலேயே துலிப் எழுகிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை சுமார் எட்டு வாரங்கள் தோட்டம் திறந்திருக்க, அவற்றுள் எந்த நாளில் போனாலும் வெறும் மண்ணைப் பார்த்துத் திரும்பும் நிலை வருவதில்லை. ஏப்ரல் நடுவில் போனால் துலிப் மிகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். பல மாதங்களுக்கு முன்பே நாள் குறிக்கவேண்டிய குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி.

எல்லாத் துலிப் தோட்டங்களும் இப்படியல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2007-இல் திறக்கப்பட்ட ஸ்ரீநகர் இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் மார்ச் பிற்பகுதியில் திறந்து ஏறக்குறைய ஒரு மாதமே இயங்குகிறது. வெயில் சீக்கிரம் ஏறினால் பூக்கள் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஸபர்வான் மலையடிவாரத்தில் படிப்படியாக இறங்கும் அதன் அமைப்பு, பின்னணியில் மலையோடு பார்க்க நிகரற்றது. ஆனால் முழங்கால் வலியுள்ள பெரியவரோடு போகிறவர்கள் சரிவான நிலம் அது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளவேண்டும்.

துலிப் பற்றி இன்னொரு சிறு செய்தி: இந்தப் பூ வெப்பம் ஏறும்போது விரிகிறது, குளிரும்போது மூடிக்கொள்கிறது. கூட்டத்துக்கு அஞ்சி விடியற்காலையில் போனால் இறுக மூடிய கிண்ணங்களையே காணலாம். என் கண்ணுக்கு அந்த மூடிய வடிவமே அழகு. உள்ளிதழின் கறையையும் மகரந்தத்தையும் குழந்தைகளுக்குக் காட்டவேண்டுமானால் வெயில் ஏறிய பிறகு போவதே சரி.

தாவரவியல் பூங்கா நாள் பற்றிய கேள்வியையே தேவையற்றதாக்கிவிடுகிறது. லண்டனில் உள்ள கியூ தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1759-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் இதன் பரப்பு சுமார் 130 ஹெக்டேர். பிப்ரவரியில் பனித்துளிப் பூ எனத்தக்க ஸ்னோடிராப், பிறகு குரோக்கஸ், டாஃபடில், மேக்னோலியா, செர்ரி, ஏப்ரல் இறுதியில் மரநிழலில் நீலமணிப் பூக்கள் என்று ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. எந்த ஒன்றும் துலிப் தோட்டம் அளவுக்கு மலைக்க வைக்காது என்பது உண்மையே. அதற்கு ஈடாக, போன நாளில் ஏதாவது ஒன்று உச்சத்தில் இருக்கும். மழை வந்தால் ஒதுங்கக் கண்ணாடி மாளிகைகள் இருக்கின்றன என்பதும் சிறு அனுகூலம் அல்ல. இளவேனில் வானிலை நிலையற்றது. திறந்த வெளிப் பாத்திகளுக்கு நடுவே ஈரத்தில் நடுங்கும் குழந்தைக்கு எழுபது லட்சம் பூக்களும் ஆறுதல் தரப்போவதில்லை.

குழந்தைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் துலிப் தோட்டம்தான் மூன்றிலும் கடினமானது. பாத்திகளின் விளிம்பு குழந்தையின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, பூ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. "தொடாதே" என்பதை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே நடக்கவேண்டும். பூவுக்காக மட்டுமன்று, குழந்தைக்காகவும் அதைச் சொல்லத்தான் வேண்டும். டாஃபடில், ஹயசிந்த், துலிப் ஆகியவற்றின் கிழங்குகள் உண்டால் நச்சுத்தன்மை உடையவை. அவற்றின் சாறு பட்டுத் தோல் அரிப்பதும் உண்டு. செர்ரிப் பூங்காவில் இந்தத் தொல்லை குறைவு. பூ தலைக்கு மேலே இருக்கிறது, கீழே புல்வெளி. பாயை விரித்துப் பெரியவர்கள் உட்காரலாம், சிறுவர்கள் ஓடலாம், உதிரும் இதழ்களைப் பிடிக்கலாம். இந்த ஒன்றில் செர்ரிக்கு நிகர் இல்லை. வேர்ப்பகுதியை மிதித்து மண் இறுகினால் மரம் நலிவதால், மரத்தடியைக் கயிறு கட்டி அடைத்திருக்கும் இடங்களில் அதை மதித்து விலகி உட்காரவேண்டும், அவ்வளவே. தாவரவியல் பூங்காக்களில் இது இடத்துக்கு இடம் மாறும். கியூவில் 2019 முதல் சிறுவர்களுக்கென்றே தனித் தோட்டம் இயங்குகிறது. அதே பூங்காவின் நீலமணிப் பூக்கள் நிற்கும் காட்டுப்பகுதியிலோ பாதையை விட்டு ஓர் அடிகூட வைக்கலாகாது. மிதிபட்ட இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாமல், அந்த இடம் மீண்டும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

நடை என்று வரும்போது தாவரவியல் பூங்காவின் பரப்பே அதன் பகை. முழுவதையும் பார்த்துவிட முனைவோர் பாட்டியைப் பாதி வழியில் இருக்கையில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கும். அன்றைக்குப் பூத்திருப்பது எது, அதற்கு அருகிலுள்ள வாயில் எது என்று மட்டும் கேட்டறிந்து அந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. சமதளமும் அகலமான பாதையும் உள்ள கொய்க்கன்ஹோஃபில் சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் தள்ளிச் செல்வது எளிது. அங்கே இடையூறாவது தூரமன்று, எட்டே வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவியும் நெரிசல்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செர்ரிப் பூங்காக்கள் பலவும் இலவசம், மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் சீட்டு வாங்கவேண்டும். மகரந்த ஒவ்வாமையும் பலர் அஞ்சும் அளவுக்கு இந்தத் தேர்வைப் பாதிப்பதில்லை. பகட்டான பூக்களின் மகரந்தம் கனமானது, பூச்சிகளால் கடத்தப்படுவது. தும்மலுக்குக் காரணம் காற்றில் பரவும் பர்ச் முதலிய மரங்களின் மகரந்தமே. ஜப்பானில் செர்ரிக் காலமும் சுகி என்னும் ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மகரந்தக் காலமும் ஓரளவு சேர்ந்தே வருவதை மட்டும் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் நினைவில் கொள்ளலாம்.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். தொலைவிலிருந்து, ஒரே ஒருமுறை, நாளை முன்பே குறித்துக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அடுக்கடுக்காக நட்டுப் பராமரிக்கும் துலிப் தோட்டம். சிறு குழந்தையும் முதியவரும் உடன் வர, வானிலையையும் நம்ப முடியாத நிலையில் தாவரவியல் பூங்கா. அருகிலேயே வசிப்பவர்கள் ஆண்டு உறுப்பினராகிவிட்டால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் கட்டாயமும் நீங்கும். செர்ரியை அதற்கு நடந்துபோகும் தொலைவில் வீடு உள்ளவர்களுக்கே பரிந்துரைப்பேன். அவர்களும் முழுமலர்ச்சி அறிவிப்பு வந்தபின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கலாகாது. வேலைநாளாக இருந்தாலும் பள்ளி விட்டதும் பிள்ளைகளை அப்படியே அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது போய்வந்துவிடவேண்டும்.