ஸ்ட்ரிங் தரவுத்தளம்: ஐந்து வருடம் பாவித்த பிறகு

உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். கணிதம் என்றால் எட்டத்தான் நிற்பேன். 2020-ல் ஆய்வுக்கு மதுவத்தை எடுத்தேன். எங்கட பனங்கள்ளை நுரைக்க வைக்கிற அதே ஆள்தான். அதில் ஏறக்குறைய 6,000 புரதங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1.8 கோடி சோடி. எது எதோடு சேருகிறது என்று ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க ஒருத்தருக்கும் ஆயுள் காணாது. அப்படித்தான், எந்தப் புரதத்துக்கு எதோடு தொடர்பு என்ற சான்றுகளைத் திரட்டி வைத்திருக்கிற ஸ்ட்ரிங் என்ற இணையத் தரவுத்தளத்தின் பக்கம் வந்தேன். இலவசம் என்பதும் ஒரு காரணம்.

புரதங்களைக் கோடுகளால் இணைக்கிற முழு வலையையும் இறக்கி, 8 ஜிபி மடிக்கணனியில் சைட்டோஸ்கேப் என்ற வலைப்படம் வரைகிற மென்பொருளில் போட்டேன். கணனி இறுகி நின்று, கடைசியில் தும்புக் குவியல் மாதிரி ஒரு படம் வந்தது. பிழை என்னுடையது. ஒவ்வொரு தொடர்புக்கும் 0 முதல் 1 வரை ஒரு புள்ளி உண்டு; கோப்பில் அதை 1000 ஆல் பெருக்கி வைத்திருப்பார்கள். நான் 700 என்று கொடுக்காமல் 0.7 என்று வடிகட்டியதில் எல்லாமே உள்ளே வந்துவிட்டது.

அந்தக் குவியலுக்குள் எஸ்எஸ்ஏ1 என்ற புரதத்துக்குக் கோடு எண்ணி மாளவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று சேரிடம் ஓடினேன்.

"பிள்ளை, அது மற்றப் புரதங்களை மடிக்க உதவுற ஆள், எல்லாரோடயும் ஒட்டும். இந்தக் கோடுகளில எத்தினை சோதனையில கண்டது? எத்தினை, ரெண்டு பேரும் ஒரே கட்டுரையில வந்ததால விழுந்தது?"

பதில் தெரியவில்லை. அன்று இரவுதான் புள்ளி எப்படி வருகிறது என்று உட்கார்ந்து படித்தேன். சான்று ஏழு வழிகளில் வருகிறது. சோதனை ஒன்று, கட்டுரைகளைத் துழாவும் உரை அகழ்வு இன்னொன்று. சோதனைக்கு 0.5, உரை அகழ்வுக்கு 0.6 என்றால் கூட்டுப் புள்ளி 1 − (0.5 × 0.4), அதாவது 0.8 அளவில் வரும். (தற்செயலுக்காகச் சின்னத் திருத்தமும் உண்டு.) உயர்தர நிகழ்தகவுக் கணக்கேதான்! அந்த 0.8 தொடர்பு உண்மையாக இருக்கும் சாத்தியத்தைச் சொல்கிறது. ஒட்டின் இறுக்கத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நேரே தொடாமல் ஒரே வேலையில் பங்கெடுத்தாலும் கோடு விழும்.

உரை அகழ்வை நிறுத்தி, எல்லையைச் சரியாக 700 இல் வைத்ததும் தும்பு பிரிந்தது. எம்சிஎல் முறையில் திரள் பிரித்தேன். வலைக்குள் மனம்போன போக்கில் நடக்கிறவர் எந்த மூலையில் அதிக நேரம் சுற்றுவார் என்று பார்க்கிற கணக்கு அது. புரதங்களை உருவாக்குகிற ரைபோசோமின் புரதங்கள் தனியாக, வேண்டாத புரதங்களை உடைக்கிற புரோட்டியசோம் தனியாக வந்து நின்றன. பாடப்புத்தகத்தில் இருக்கிறதுதான், ஆனாலும் நானே எடுத்தது என்று சந்தோஷம்.

2022-ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலத்திலும் சின்னத் தேடல்களைக் கைபேசியிலேயே முடித்தேன். அதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

குறை ஒன்று: பதிப்பு மாறினால் புள்ளிகளும் மாறும். 2023-ல் 12ஆம் பதிப்பு வந்ததும் பழைய படத்தைத் திரும்பப் போட்டேன். நான் இரண்டு பந்தி விளக்கம் எழுதிய ஒரு கோடு அதில் இல்லை. இப்போது கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் இறக்கிய திகதியையும் எழுதி வைக்கிறேன்.