பழைய டோட்டல் ஸ்டேஷன் வாங்கப் போறீங்களா? கடை வாசல் டெமோவை நம்பாதீங்க

பெங்களூரில் சர்வே வேலை பார்க்கும் நம்மாட்களுக்கான பதிவு இது. ஹொஸ்கோட்டை, ஆனேக்கல் பக்கம் லே-அவுட் வேலை நிறைய இருப்பதால் தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது செகண்ட்ஹேண்ட் டோட்டல் ஸ்டேஷன்தான், அதாவது கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கிற சர்வே மெஷின். தேடுங்கள், தப்பே இல்லை. எனக்குத் தலையில் கட்டினதைப் போல உங்களுக்கும் ஒன்றைக் கட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

விற்றவர் சேலத்துக்காரர். "அண்ணே, நம்ம ஊர் ஆள்கிட்ட பொய் சொல்லுவேனா" என்றார். 5 செகண்ட் மெஷின் (கோணத் துல்லியம் அது; ஒரு டிகிரியில் 3600 செகண்ட்), விலை ஒன்றே முக்கால் லட்சம். கடை வாசலில் ட்ரைபாட் விரித்து, எதிர்ச்சுவர் ஓரம் ப்ரிசம் (மெஷின் விடும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) வைத்து தூரம் எடுத்துக் காட்டினார். டேப்பிலும் அதே அளவு. பெட்டிக்குள் கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளவென்று, அளவு சரிபார்த்ததாக ஒரு கேலிப்ரேஷன் சர்டிபிகேட்.

லே-அவுட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. 30-க்கு 40 சைட் பிரித்தால் மூலைவிட்டம் 50 அடி கச்சிதமாக வந்தது. சர்ஜாபூர் ரோட்டில் அபார்ட்மென்ட் வேலைக்குப் போனபோதுதான் வேஷம் கலைந்தது. தரையில் இருக்கிற கிரிட் லைனை (தூண், சுவர் வரிசைக்கான குறிகோடு) ஆறாவது மாடி ஸ்லாப் விளிம்பில் ஏற்ற வேண்டும். 20 மீட்டர் தள்ளி மெஷினை நிறுத்தி, டெலஸ்கோப்பை 45 டிகிரிக்குத் தூக்கி ஃபேஸ் லெஃப்டில் ஒரு கோடு போட்டோம். டெலஸ்கோப்பைக் கவிழ்த்து, மெஷினை அரைச்சுற்று சுற்றி மறுபக்க நிலையான ஃபேஸ் ரைட்டுக்குத் திருப்பினால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. இடைவெளி கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர். காற்று அடங்கின நேரம் பார்த்து பையன் தூக்குக்குண்டு விட்டான், இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றது.

சர்வீஸில் பிரித்துப் பார்த்தவர், மெஷின் எப்போதோ கீழே விழுந்தது என்றார். டெலஸ்கோப் சுழலும் கிடை அச்சு 90 செகண்ட் சாய்ந்திருந்தது. விற்றவர் கொலிமேஷனை (பார்வைக்கோடு அந்த அச்சுக்குச் செங்குத்தாக இல்லாத பிழை) மட்டும் மெனுவில் திருத்திவிட்டு அச்சை அப்படியே விட்டிருக்கிறார். இந்தக் கோளாறு நேர்மட்டத்தில் பார்த்தால் தலைகாட்டாது. மேலே தூக்கத் தூக்க அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் அளவுக்கு வளரும், 45 டிகிரியில் அந்த 90 செகண்டும் முழுசாகத் தெரியும். கடை வாசலில் யார் டெலஸ்கோப்பை மொட்டைமாடிக்குத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

போன் போட்டால் "செகண்ட்ஹேண்ட்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்கிறார். அதற்கப்புறம் எடுப்பதே இல்லை.

ஆகவே காசு கொடுக்குமுன் மெஷினை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே புள்ளியை இரண்டு ஃபேஸிலும் பாருங்கள். கிடைக்கோணம் 180 டிகிரி வித்தியாசப்பட வேண்டும், செங்குத்துக் கோணம் இரண்டையும் கூட்டினால் 360 வர வேண்டும். இதையே உயரமான கட்டட மூலை ஒன்றிலும் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. "டைம் இல்ல சார்" என்று இழுக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ப்ரிசம் விஷயமும் இருக்கிறது. பல பிராண்டுகளில் ப்ரிசம் கான்ஸ்டன்ட் (அளந்த தூரத்தில் ப்ரிசத்துக்காகச் செய்யும் திருத்தம்) -30 மில்லிமீட்டர், சிலதில் 0. லைக்காவில் கணக்கே வேறு, தங்கள் வட்ட ப்ரிசத்தையே 0 என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு பிராண்டு மெஷினோடு வேறொரு ப்ரிசத்தைப் போட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு தூரத்திலும் அதே அளவு, சில ஜோடியில் மூன்று சென்டிமீட்டர், பிசகும். ஒரே நேர்க்கோட்டில் மூன்று ஆணி அடியுங்கள். முதல் துண்டையும் இரண்டாம் துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டி, முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். கான்ஸ்டன்ட் தப்பென்றால் அந்த வித்தியாசம் அப்படியே தெரிந்துவிடும்.

சர்டிபிகேட்டில் "ஓகே" என்று சீல் மட்டும் இருந்தால் அது காகிதம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கொடுப்பதில் சீரியல் நம்பர், எடுத்த ரீடிங், அளவீட்டின் நிச்சயமின்மை (எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு) எல்லாம் இருக்கும். அந்த சீரியல் நம்பர் மெஷின் அடியில் இருக்கிற நம்பர்தானா என்றும் பாருங்கள். பாட்டரி இன்னும் கிடைக்கிறதா, டேட்டா எடுக்க யு.எஸ்.பி. உண்டா, பழைய சீரியல் கேபிள்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

"பில் வேண்டாம், விலை குறைச்சுக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் வாங்கும் கருவிக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. பில் கையில் இருந்தால் அங்கே பேசுவது சுலபம். தேசிய ஹெல்ப்லைன் எண் 1915. நானும் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அல்சூர், விவேக்நகர் பக்கம் யாராவது மெஷின் பார்க்கப் போவதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே கூட வருகிறேன்.