வயிறு சரியில்லாத பூனைக்குக் கோழியா, மீனா?

வயிறு கலங்கிய பூனைக்கு என் முதல் தேர்வு கோழி நெஞ்சுக்கறிதான். தோல், கொழுப்பு, எலும்பு நீக்கி, உப்பில்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வெந்த நீரையே இரண்டு ஸ்பூன் விட்டுப் பிசைந்தால் போதும். வெங்காயமும் பூண்டும் துளிகூட ஆகாது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

கொழுப்பு குறைந்த வெள்ளை மீனும் லேசானதுதான். மணம் தூக்கலாக இருப்பதால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பூனைகூட எட்டிப் பார்க்கும். ஆனால் முள் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பச்சையாகவும் கொடுக்கக்கூடாது, சில மீன்களில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி, பி1 வைட்டமினை அழித்துவிடும். கோழி ஒத்துக்கொள்ளாத பூனை என்றால் மீன், சரி.

எதுவானாலும் ஓரிரு நாள்தான். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலமும் கால்சியமும் இதில் போதாது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.